தாழ்ப்பாள் சத்தம்

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. காலை 5.38க்கு விழிப்பு. 5.44க்குப் பால் வாங்கக் கிளம்பினேன். எங்கள் வீடு மயிலாப்பூரில் ஒரு சந்தில், முதல் மாடியில். சந்து முனையில் மெட்ரோ ரயிலுக்காக ஜனவரியிலிருந்து தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு இருபத்திரண்டு படிகள். பதினொன்று முடிந்ததும் திரும்புவதற்கு ஒரு சதுரமான இடம், அங்கே மின் மீட்டர் பெட்டிகள், பிறகு மறுபடி பதினொன்று. நான் மேலிருந்து ஏழாவது படியில் கால் வைத்தபோது பின்னால் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் விழுந்தது. டக். எல்லா நாளும் ஆறாவது அல்லது ஏழாவது படியில் விழும். 5.56க்குத் திரும்பி வந்து அழைப்பு மணியை அழுத்தினேன். மனைவி கதவைத் திறந்தாள், பால் பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டாள், மூக்கை இருமுறை உறிஞ்சினாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

7.10க்கு இட்லி நான்கு. 7.40க்குப் பேருந்து. 8.50க்கு வேலை.

இருபத்தாறு வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். ஈக்காட்டுத்தாங்கலில், பம்புகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு பட்டறையில் அளவு பார்ப்பது என் வேலை. லேத்திலிருந்து வரும் ஒவ்வொரு துண்டையும் அளந்து, மயிரிழையில் பாதி கூடினாலும் குறைந்தாலும் தனியாக எடுத்துவைக்க வேண்டும். அந்தப் புத்தி சாயங்காலம் பட்டறையிலேயே தங்குவதில்லை, என்னோடு பேருந்து ஏறி வீட்டுக்கு வந்துவிடும். தண்ணீர் மோட்டார் போட்ட நேரம், சிலிண்டர் மாற்றிய தேதி, சாம்பாரில் உப்பு கூடிய நாள் எல்லாம் என் குறிப்பில் உண்டு. மனைவி ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். "பசங்க ரேங்க் கார்டு எழுதுற நானே இவ்வளவு எழுதறதில்ல" என்பாள்.

இத்தனை துல்லியத்துக்கு நடுவில் ஒரு மோசடியும் இருக்கிறது. ஏறக்குறைய ஒன்பது வருடங்களுக்கு ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியும் ஒன்றேதான்: "இரவு 9.30, உறக்கம்." எப்போது தூங்கினேன் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் உத்தேசமாக எழுதியது. கையெழுத்து மட்டும் அச்சடித்ததுபோல் இருக்கும். வேலை முடிந்து வரும்போது சைதாப்பேட்டையில் இறங்கிவிடுவேன். அங்கே கடை. எந்தக் கடை என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. ஒரு குவார்ட்டர், சில நாள் இரண்டு.

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் என்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து உள்ளே வந்து படுத்துவிட்டேன். கதவைச் சாத்தவில்லை. சாவி வெளிப்பக்கம் பூட்டிலேயே தொங்கியிருக்கிறது. காலையில் மனைவி எழுந்து பார்த்தபோது சோபாவில் தெருநாய் ஒன்று நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்ப அவளுக்கு நான்கு நிமிடம் ஆனதாம். என்னை எழுப்ப நாற்பது. அவள் திட்டவில்லை, அழவில்லை. பூட்டிலிருந்து சாவியை உருவி, துடைத்து, தன் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து என் சொந்த வீட்டுக்கு நான் மணி அடித்துத்தான் உள்ளே போக வேண்டும். பன்னிரண்டு நிமிடத்தில் பாலோடு திரும்பிவிடுவேன் என்று தெரிந்தும் என் பின்னால் தாழ்ப்பாள் விழும்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி நிறுத்தினேன். மருத்துவரைப் பார்த்து, மாத்திரை எடுத்துக்கொண்டு, பிறகு அடையாறில் சனிக்கிழமை சாயங்காலம் கூடும் ஒரு குழுவில் சேர்ந்தேன். ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை. பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் நிறுத்தியவர்கள் அல்லது நிறுத்திக்கொண்டிருப்பவர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருப்போம். ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் தனக்கு நடந்த ஒரு சின்ன முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். சின்னதாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. யாராவது "என் வாழ்க்கையே மாறிடுச்சு" என்று ஆரம்பித்தால் உடனே மற்றவர்கள் பெஞ்சைத் தட்டி "பெருசு! பெருசு!" என்று கத்துவார்கள். பெருசு சொன்னவர் அன்றைய டீ டம்ளர்களைக் கழுவ வேண்டும். முதல் வாரம் நான், "நான் ஒரு புது மனிதனாக…" என்று தொடங்கி, பன்னிரண்டு டம்ளர் கழுவினேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது. சின்ன அளவுகளில்தானே என் பிழைப்பு. மைக்ரோமீட்டரைப் பிடிக்கும்போது வலது ஆள்காட்டி விரல் நடுங்காமல் இருந்த முதல் நாளைச் சொன்னேன். தொலைக்காட்சியில் ஒரு படத்தை முடிவுவரை பார்த்து, யார் கொலைகாரன் என்று தெரிந்துகொண்டதைச் சொன்னேன். பேருந்தில் வலப்பக்க ஜன்னலோரம் உட்காருவதை விட்டு இடப்பக்கம் உட்கார்ந்ததைச் சொன்னேன். கடை இடப்பக்கம். மூன்று மாதம் அதைப் பார்க்காமல் போனேன், நான்காவது மாதம் பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் புதிதாக ஒரு தடுப்புக் கம்பி போட்டிருந்தார்கள். கோணல். நான் விட்டிருக்க மாட்டேன்.

ஆனால் நான் உண்மையில் கவனித்துவந்தது வேறொன்றை. கதவைத் திறக்கும்போது மனைவி மூக்கை உறிஞ்சுவாள் என்றேனே, அதை. பையை வாங்குவதுபோல அருகில் வந்து, மோந்து பார்ப்பாள். ஆகஸ்டில் அது நீண்ட, ஆழமான உறிஞ்சல். அக்டோபரில் குறைந்தது. டிசம்பரில் பல நாள் இல்லவே இல்லை. அது பூஜ்யமாகித் தொடர்ந்து ஒரு மாதம் நின்றால் சாவியைக் கேட்பது என்று முடிவுசெய்து, நாட்குறிப்பில் அதற்காகவே ஒரு கட்டம் போட்டு "மூச்சு" என்று தலைப்பு எழுதியிருந்தேன். ஜனவரியில் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு, சில நாள் ஆறு. நான் ஒன்றும் செய்யவில்லை, ஆனாலும் என்மேல் சந்தேகம் கூடிக்கொண்டே போகிறது. இதைக் குழுவில் வருத்தத்தோடு சொன்னேன்.

குழுவில் எனக்கு நெருக்கமானவர் ஓர் ஆட்டோக்காரர். சைதாப்பேட்டையில் வீடு. என்னைவிடப் பத்து வயது சின்னவர், நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. அவர்தான் கேட்டார்: "இன்னா நைனா, பொண்டாட்டி மோப்பம் புடிக்கிறத எண்ணிக்கினு கீறியா? தெனம் உயிரோட வூட்டாண்ட போறியே, அத எண்ணு."

"எண்ணாம எப்படித் தெரியும்?" என்றேன்.

"எண்ணிட்டு மட்டும் இன்னா தெரிஞ்சிது?"

அன்று வீட்டுக்குப் போனதும் எண்ணினேன், நான்கு.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நிறுத்தியதிலிருந்து இருநூற்றுப் பதினைந்தாவது நாள். 5.30க்கு வேலை முடிந்து பேருந்து ஏறினேன். உட்கார இடமில்லை. எனக்குப் பக்கத்தில் நின்றவர் கையில் ஒரு குளிர்பானப் பாட்டில், பழுப்பு நிறத் திரவம், மூடி திறந்திருந்தது. ஓட்டுநர் சைதாப்பேட்டையில் பிரேக் போட்டார். பாட்டிலில் இருந்தது முழுவதும் என் வெள்ளைச் சட்டையின் இடது தோளில் ஆரம்பித்துப் பாக்கெட் வழியாக இடுப்புவரை இறங்கியது. இறங்கும்போதே தெரிந்துவிட்டது. ஒன்பது வருடப் பழக்கம், கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்வேன். பிராந்தி. தண்ணீர் குறைவாகக் கலந்தது.

"ஐயோ, போச்சே!" என்றார் அவர். "சாரி தலைவா. முழு குவார்ட்டர் தலைவா. இன்னும் ஒரு வாய் கூட வெக்கல."

அவருடைய துக்கம் எனக்குப் புரிந்தது. அதுதான் சங்கடம்.

"அப்டியே சட்டையப் புழிஞ்சா பாதி தேறும்" என்று யோசனையும் சொன்னார். முன் இருக்கையில் இருந்த பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடத்துநர் வந்தார்.

"யோவ் வெள்ளச் சட்ட! லேடீஸ் நிக்கிற எடம். குடிச்சிட்டு ஏறாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"நான் குடிக்கலைங்க."

"குடிச்சவன் எவன்யா குடிச்சேன்னு சொல்லிக்கீறான்? எறங்கு."

பாட்டில்காரருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "வுடு சார்" என்று நடத்துநரின் கையைப் பிடித்தார். "பாவம், பெரிய மனுசன். வூட்டுல இன்னா பிரச்சினையோ."

உண்மையாகவே குடித்துவிட்டு அதே பேருந்தில் ஒன்பது வருடம் போயிருக்கிறேன். ஒரு நாளும் யாரும் என்னை இறக்கிவிட்டதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொடிமரம்போல் நிற்பேன். இருநூற்றுப் பதினைந்து நாள் சுத்தமாக இருந்ததற்குக் கிடைத்த மரியாதை இது. இறங்கினேன்.

இறங்கிய இடம் கடைக்கு நேர் முன்னால்.

அங்கே நின்றபோது வந்த எண்ணத்தை அப்படியே எழுதிவிடுகிறேன். வாசனை வந்தாயிற்று. வீட்டில் நடக்கப்போவதும் நடக்கத்தான் போகிறது. சாவி போனது போனதுதான். தண்டனை எழுதி முடித்த தாளில் குற்றம் என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அதை நிரப்ப, பத்து அடி நடக்க வேண்டும், அவ்வளவுதான். காலியான கட்டங்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

எங்கள் குழுவில் இன்னொரு விதி உண்டு. யோசிப்பதற்கு முன்னால் போன் செய்ய வேண்டும். நான் கொஞ்சம் யோசித்துவிட்டேன், இருந்தாலும் செய்தேன். நேரம் 6.04.

"எங்க கீற?" என்றார் ஆட்டோக்காரர்.

சொன்னேன்.

"அந்த எடமா? கடைக்கு முதுகக் காட்டிக்கினு நில்லு. நவுறாத. பாண்டி பஜார்ல சவாரி எறக்கிட்டு வந்துகினே கீறேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"கால் மணி. அதுக்குள்ள எதுனா அளந்துகினு இரு."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. பேருந்து நிழற்குடையைச் சாண் போட்டு அளந்தேன். நீளம் முப்பத்தோரு சாண். சந்தேகமாக இருந்ததால் மறுபடி அளந்தேன். எங்கள் பட்டறையில் எதையும் ஒருமுறை மட்டும் அளந்து எழுதக் கூடாது. முப்பது சாணும் நான்கு விரலும். மூன்றாவது முறை அளந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் இளநீர் விற்றவர், "இன்னா சார், பஸ் ஸ்டாண்ட வாங்கப் போறியா?" என்றார். பிராந்தி நெடியோடு நிழற்குடையைச் சாண் போடும் மனிதனிடம் அதற்குமேல் மரியாதையாகப் பேச முடியாது. 6.21க்கு ஆட்டோ வந்தது.

ஆட்டோக்காரர் என்னை முகர்ந்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"இன்னா பிராண்டு?"

"தெரியாது."

"எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். ஏறு."

ஆட்டோவின் இரண்டு பக்கமும் காற்று அடித்தும் நெடி போகவில்லை. அவர் முகத்தை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினார். நிறுத்தி ஆறு வருடம் ஆனாலும் அந்த நெடி சும்மாவா என்று அப்போதுதான் தோன்றியது. மன்னிப்புக் கேட்டேன். "நீ ஊத்திக்கல, உம்மேல ஊத்திட்டான். நான் இன்னா செத்தா பூடுவேன்?" என்றார். பிறகு, "என் காக்கிய போட்டுக்கினு போறியா? உள்ள பனியன் போட்டுக்கினுதான் கீறேன்" என்றார்.

"வெள்ளச் சட்டையில போனவன் காக்கிச் சட்டையில வந்தா என்ன நெனைப்பா?"

"சரி, ஒரு மொழம் மல்லி வாங்கிக்கோ. வாசன தூக்கிடும்."

"எங்க வீட்டுல மல்லிகைதான் முதல் சாட்சி" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, எதிரே வந்த தண்ணீர் லாரியையும் பார்த்துக்கொண்டார். விளக்கினேன். குடித்த காலத்தில் மல்லிகை வாங்காமல் வீட்டுக்குப் போனதில்லை. ஏலக்காய், கிராம்பு, கொய்யா இலை, ஓமத் தண்ணீர், பீடா என்று எல்லாவற்றையும் முயன்றிருக்கிறேன். ஒரு கட்டத்தில் அந்த வாசனைகள்தான் குற்றத்தின் வாசனை ஆகிவிட்டன. நிறுத்தியதிலிருந்து என் மனைவிக்கு நான் பூ வாங்கிக் கொடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை. ஏலக்காய் போட்ட பாயசத்தைக்கூட நான் கொஞ்சம் பயத்தோடுதான் சாப்பிடுகிறேன்.

"அப்ப ஒரு வழிதான் கீது" என்றார் ஆட்டோக்காரர். "நடந்தத நடந்த மாதிரி சொல்லிடு."

"அதுதான் பிரச்சினை. இதே மாதிரி பொய்ய முன்னாடியே சொல்லியிருக்கேன்."

6.58க்குச் சந்து முனையில் மெட்ரோ தடுப்பு ஓரமாக நிறுத்தினார். "பத்து நிமிசம் நிக்கிறேன். தொரத்தினா வா" என்றார்.

படி ஏறினேன். பதினொன்று ஏறியதும், மீட்டர் பெட்டிகளுக்கு முன்னால், நின்றேன். சொல்லவேண்டிய வாக்கியத்தைத் தயார்செய்ய வேண்டியிருந்தது. "இன்னைக்கு ஒரு சின்ன விஷயம் நடந்தது" என்று ஆரம்பித்தால் பெரிதாக இருக்கிறது. "நீ நம்ப மாட்டே" என்று ஆரம்பித்தால் அவள் ஒப்புக்கொண்டுவிடுவாள். மூன்றாவது வாக்கியம் பாதியில் இருக்கும்போது, நான் மணியை அழுத்தாமலே, மேலே கதவு திறந்தது.

மனைவி வாசலில் நின்றாள். கையில் சிவப்புப் பேனா, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள். பையை வாங்க வரவில்லை.

"நின்னீங்க" என்றாள்.

"என்ன?"

"நடுப்படியில நின்னீங்க. ஏழு மாசமா நிக்கல. இன்னைக்கு நின்னீங்க."

நான் மீதிப் படிகளை ஏறி அவள் முன்னால் போய் நின்றேன். தயார்செய்த வாக்கியங்கள் மூன்றும் மீட்டர் பெட்டிக்குள் போய்விட்டன. "பஸ்ஸுல ஒருத்தன் என் மேல பிராந்திய ஊத்திட்டான்" என்றேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடி பட்டறையில ஸ்பிரிட் கொட்டிடுச்சுன்னீங்க. அதுக்கு முன்னாடி பர்த்டே கேக்குல ரம்முன்னீங்க."

"அது ரெண்டும் பொய். இது நெஜம்."

"அது ரெண்டையும் இதே மூஞ்சியோடதான் சொன்னீங்க."

எனக்கு வேறு முகம் இல்லை. "சரி, மோந்து பாரு" என்றேன். "சட்டைய இல்ல, வாயை. தெனமும் பாக்கறதுதானே."

"யாரு தெனமும் பாக்கறா?"

"நீதான். கதவத் திறந்ததும் மூக்க உறிஞ்சுவியே. இன்னைக்குக் காலையில ரெண்டு. நேத்து சாயங்காலம் அஞ்சு."

அவள் என்னைப் பார்த்தாள். பேனாவின் மூடியைப் போட்டாள்.

"மெட்ரோக்காரன் தோண்ட ஆரம்பிச்சதுலேர்ந்து எனக்கு மூக்கு அடைச்சுக் கெடக்குங்க. தூசி. ரெண்டு மாசமா எனக்கு ஒரு வாசனையும் தெரியல. அன்னைக்குப் பால் தீஞ்சப்போ நீங்கதானே ஓடி வந்து அடுப்ப அணைச்சீங்க? இப்பக்கூட உங்க சட்டை ஈரமா இருக்குன்னுதான் தெரியுது. என்ன ஈரம்னு நீங்க சொல்லித்தான் தெரியும்." இதைச் சொல்லும்போதே மூக்கை இருமுறை உறிஞ்சினாள். "அதப் போயி எண்ணிட்டா இருந்தீங்க?"

"ஆகஸ்ட்லேர்ந்து."

"ஆகஸ்ட்ல பாத்தேன். இல்லேங்கல. தீபாவளியோட விட்டுட்டேன்."

இருபத்தாறு வருட நாட்குறிப்பில் இவ்வளவு அழகாகக் கட்டம் போட்டு நான் எதையும் எழுதியதில்லை. இரண்டரை மாதம் என் மனைவியின் நம்பிக்கை என்று நினைத்து மெட்ரோ ரயில் வேலையின் தூசியை அளந்திருக்கிறேன்.

"அப்போ எத வெச்சு…" என்று கேட்டேன்.

"படிய வெச்சு. குடிச்சிருந்தா நடுப்படியில நின்னு ஏலக்காய் மெல்லுவீங்க. கடிக்கிற சத்தம்கூட ராத்திரியில கேக்கும். நிக்காம வந்தா குடிக்கல." நிறுத்தி, யோசித்தாள். வகுப்பில் விடை சரியாக இருந்து வழி தவறாக இருக்கும் கணக்கைப் பார்க்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். "இன்னொன்னும் இருக்கு. அது இன்னைக்குக் கேக்கல. ஒண்ணு இருக்கு, ஒண்ணு இல்ல. அதான் எனக்குப் புரியல."

"எது கேக்கல?"

"சொல்ல மாட்டேன். சொன்னா ஜாக்கிரதையா இருப்பீங்க. கீழ போயிட்டு மறுபடி ஏறி வாங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்." கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

இரண்டு அளவுகள் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி அளக்க வேண்டும் என்பது எங்கள் பட்டறையின் சட்டம். அதை என்னிடமே பயன்படுத்துவாள் என்று நான் எதிர்பார்த்ததில்லை. இறங்கினேன். கீழ் வீட்டு மாமி விளக்கேற்றிவிட்டு வாசலுக்கு வந்தவர், "என்ன சார், இப்பத்தானே ஏறினேள்? எதையாவது மறந்துட்டேளா?" என்றார். இல்லை என்றேன். "ஏதோ நெடி அடிக்கறதே" என்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சாம்பிராணி வேற தீந்துபோயிடுத்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

சந்து முனையிலிருந்து ஆட்டோக்காரர் பார்த்துவிட்டார். "இன்னா நைனா, தொரத்திட்டாங்களா?"

"இல்ல. மறுபடி ஏறச் சொன்னாங்க."

"டெஸ்ட் டிரைவா?" என்றார். "எட்டு போடச் சொல்லல இல்ல? போ, போ."

திரும்பி ஏறினேன். தினமும் ஏறும் படிகள்தான். ஒருவர் கதவுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்தபின் இயல்பாக ஏறுவது எப்படி என்று யாராவது சொன்னால் தேவலை. எந்தக் காலை முதலில் வைப்பேன் என்பதே மறந்துவிட்டது. வேகமாக ஏறினால் நடிப்பு, மெதுவாக ஏறினால் போதை. பதினோராவது படி வந்தபோது மீட்டர் பெட்டிகளைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். கால் தயங்கியது. நிற்கவில்லை. கதவுக்கு முன்னால் வந்து மணியை அழுத்தினேன்.

உடனே திறக்கவில்லை. அந்த இடைவெளியை என்னால் அளக்க முடியவில்லை. கடிகாரத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. சாவிகூட அப்போது நினைவில் இல்லை. கதவு திறந்தால் போதும் என்றிருந்தது.

திறந்தது.

"மோதிரம்" என்றாள்.

"என்ன மோதிரம்?"

"குடிச்சிருந்தா படியோட கைப்பிடிய விட மாட்டீங்க. ஒவ்வொரு கம்பியிலயும் உங்க கல்யாண மோதிரம் இடிக்கும். டிங், டிங், டிங்னு பள்ளிக்கூட மணி மாதிரி வரும். இப்போ இறங்கும்போதும் இல்ல, ஏறும்போதும் இல்ல." சட்டையின் ஈரத்தை விரலால் தொட்டாள். "நடுப்படியில கொஞ்சம் யோசிச்சீங்க."

"ஆமா."

"அது பரவாயில்ல. கழட்டுங்க, ஊற வெக்கணும். காபி ஆறிப்போச்சு."

கீழே சந்திலிருந்து குரல் வந்தது. "பாஸா, ஃபெயிலா?"

என் மனைவி அந்த ஆட்டோக்காரரை அதற்கு முன் பார்த்ததில்லை. குழுவைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவளுக்குத் தெரியும், ஆள் யாரென்று ஊகித்திருக்க வேண்டும். பால்கனிக்குப் போய், வகுப்பறைக் குரலில், "பாஸ்! போய் சவாரியப் பாருங்க!" என்றாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் இரண்டு திறந்தன. ஆட்டோ ஹார்ன் மூன்று முறை அடித்துவிட்டுக் கிளம்பியது.

சட்டையை அவள் வாளியில் ஊறவைத்தாள், நான் கசக்கினேன். கசக்கும்போது நெடி மறுபடி மேலே வந்தது. ஒரு கணம் கையை எடுத்தேன். அவள் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எட்டு மணிக்குத் தோசை மூன்று. சாப்பிடும்போது, "சனிக்கிழமை இத உங்க குழுவுல சொல்வீங்களா?" என்றாள்.

"பெருசா இருக்குமோன்னு பாக்கறேன்."

"படி ஏறினதுதானே. சின்னதுதான்" என்றாள். பிறகு தட்டைப் பார்த்துச் சிரித்தாள். "நேத்து அஞ்சா? நெஜமாவே எண்ணினீங்களா?"

சாவியைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. படுப்பதற்கு முன் நாட்குறிப்பை எடுத்து "மூச்சு" என்ற கட்டத்தை ஸ்கேல் வைத்து நேராக அடித்தேன். புதிய தலைப்பு எதுவும் எழுதவில்லை. "இரவு 9.52, படுக்கை" என்று எழுதினேன். இந்த நேரம் உண்மை.

மறுநாள் காலை 5.41க்கு எழுந்து, 5.46க்குப் பால் வாங்க இறங்கினேன். ஆறாவது படி. ஏழாவது படி. மீட்டர் பெட்டிகள். கடைசிப் படிவரை காது பின்னாலேயே இருந்தது. தாழ்ப்பாள் விழவில்லை. தூக்கக் கலக்கத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பால் வாங்கி, நிற்காமல் ஏறி வந்து, மணியை அழுத்தப்போன விரலால் கதவைத் தள்ளிப் பார்த்தேன். திறந்துகொண்டது. சமையலறையில் அவள் எனக்கு முதுகைக் காட்டியபடி காபிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். நான் அதை எண்ணவில்லை. சோபாவை ஒருமுறை பார்த்துக்கொண்டேன், நாய் இல்லை. பால் பாக்கெட்டுகளைக் கீழே வைப்பதற்கு முன்னால், கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை நானே போட்டேன்.